மதார் சாகிபுக்குக் கொடுக்காத டிரம்

ராஜபாளையம்
4 ஆகஸ்ட் 2025

என் அக்காள் முத்தாத்தாள் பெற்ற இளைய மகளும், மீன் குஞ்சுகளுக்கு வைத்தியம் பார்ப்பதாக ஊரில் பேர் வாங்கியவளும், தாய்மாமனைக் குழாய்த் தண்ணீரைப் போல அடைத்துவிட்டவளுமான சத்யப்பிரியாவுக்கு,

வண்ணமீன் சக்கரவர்த்தி வீரணன் எழுதுவது. நலமா என்று கேட்கமாட்டேன். நான் நலமாக இல்லாதபோது நீ மட்டும் எப்படி நலமாக இருக்கலாம்?

என் போன் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். ஒரே நாளில் ஐம்பது குரல் பதிவு அனுப்பியது குற்றமாம். ஆகையால் தபாலாபீசுக்குப் போய் வரிசையில் நின்று கவர் வாங்கினேன். அங்கே இருந்த பிள்ளை, "இந்தக் காலத்துல யாரு தாத்தா லெட்டர் எழுதுதா?" என்று கேட்டது. தாத்தாவாம்! உனக்கு எழுதி முடித்ததும் அந்தப் பிள்ளைக்கும் ஒரு கண்டனக் கடிதம் எழுதுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஆலங்குளம் பஸ்ஸில் உன் ஆய்வுக்கூடத்து உதவியாளர் பாண்டிச்செல்வத்தைப் பார்த்தேன். "என்னண்ணே, உங்க மீன நிப்பாட்டிட்டாவளே, தெரியாதா? இப்பம் மதார் சாகிப் கடை மீனுல்லா வருது" என்றான். அதைக் கேட்டதும் பஸ் தானாக நின்றது. மேற்கே மலை ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தது. என் கையிலிருந்த முறுக்கு பயத்தில் தூளாகிவிட்டது.

மதார் சாகிப்! வில்லிபுத்தூர் பஜாரில் நாலு கண்ணாடித் தொட்டியை வைத்துக்கொண்டு, அதில் மூன்றில் தண்ணீரை மட்டும் வளர்க்கும் அந்த மதார் சாகிப்!

உனக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்தது யார்? அந்த மடியை நீ எப்படி நனைத்தாய் என்பதை நான் இதுவரை வெளியில் சொன்னதில்லை. போன ஆனியில் உன் அக்கா அனுசியாவின் வளைகாப்புக்கு ஏழு தட்டுச் சீரோடு, என் பண்ணையின் உயிர்நாடியான நீல டிரம் ஒன்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தது யார்? பாசி பிடிக்காத டிரம். எவ்வளவு நாள் தண்ணீர் கிடந்தாலும் வழவழப்பு ஏறாத டிரம். அதில் ஒன்று கொடு, ஒன்று கொடு என்று மதார் சாகிப் பல வருடமாகக் கெஞ்சுகிறான். கொடுத்தேனா? உங்களுக்குக் கொடுத்தேன்.

என் மீனில் என்ன குறை? பதில் எழுது. அதுவரை சோறு இறங்காது. தோசை மட்டும் இறங்குகிறது.

உடைந்த நெஞ்சோடு,
வீரணன் மாமா


ஸ்ரீவில்லிபுத்தூர்
8 ஆகஸ்ட் 2025

மாமா,

ஐம்பது இல்லை. அதற்குமேல் எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

உங்கள் மீனை நிறுத்தியது நான் இல்லை, என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் ஞானபாக்கியம் மேடம். ஏன் என்று ஒரே தடவை சொல்கிறேன்.

ஜீப்ரா மீன் குஞ்சு பிறந்த புதிதில் கண்ணாடி மாதிரி இருக்கும். உடம்புக்குள் நடப்பது எல்லாம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். மயக்க மருந்து கொடுத்து, வால் நுனியை மயிரிழை அளவு நறுக்கினால், வெள்ளை அணுக்கள் காவல்காரர்களைப் போல அந்தக் காயத்துக்கு ஓடி வரும். அவற்றைத்தான் எண்ணுகிறோம். தண்ணீர் ஒட்டாத துணி, எண்ணெய் ஒட்டாத சட்டி இவற்றுக்குப் போடுகிற ஒருவகை ரசாயனம் இருக்கிறது. மண்ணிலோ தண்ணீரிலோ கலந்தால் லேசில் அழியாது. அது துளியளவு கலந்த தண்ணீரில் வளரும் குஞ்சுக்குக் காவல்காரர்கள் சுணங்குகிறார்களா என்பதுதான் என் ஆராய்ச்சி.

அதற்கு இரண்டு வகைக் கிண்ணம் வேண்டும். ஒன்றில் ரசாயனம், இன்னொன்றில் வெறும் நல்ல தண்ணீர். வெறும் தண்ணீர்க் குஞ்சு சுறுசுறுப்பாக இருந்தால்தான் மற்றது சுணங்குவதைக் காட்ட முடியும். உங்கள் மீனில் இரண்டு கிண்ணமும் ஒன்றுதான் மாமா. எதுவும் கலக்காத கிண்ணத்திலும் காவல்காரர்கள் தூங்குகிறார்கள். மூன்று தடவை செய்து பார்த்தேன். "ஒண்ணு உன் கை சரியில்ல, இல்ல உன் மீன் சரியில்ல" என்றார் மேடம், எல்லோர் முன்னாலும். என் மாமா மீனைக் குறை சொல்லாதீர்கள் என்று நான் வாதாடினேன். பிறகு மதார் சாகிபின் மகள் நௌஷீன், அவளும் என்னோடு படிக்கிறவள்தான், அவள் அத்தா கடையிலிருந்து முட்டை கொண்டுவந்து அதே சோதனையைச் செய்தாள். முதல் தடவையே பாடப்புத்தகத்தில் வருவது போல வந்தது.

இப்போது அவள் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வரும்போது ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள். அந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. நவம்பரில் என் வேலையைப் பரிசீலிக்கிறார்கள். அதற்குள் ஒழுங்கான முடிவு காட்டாவிட்டால் இந்தத் தலைப்பு அவளுக்குப் போய்விடும்.

உங்களுக்குச் சாகிப் மேல் பொறாமை. எனக்கு அவர் மகள் மேல். அந்தப் பொறாமையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே உங்கள் மீன்தான்.

சத்யப்பிரியா


ராஜபாளையம்
13 ஆகஸ்ட் 2025

கல்நெஞ்ச மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரசாயனம், கிண்ணம், காவல்காரன் என்று நீ எடுத்த பாடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டேன். மதார் சாகிப் பேர் எங்கே வருகிறது என்று மட்டும் விரல் வைத்துத் தேடினேன். வந்த இடத்திலெல்லாம் என் நெஞ்சில் ஒரு தேள்.

அவனும் நானும் ஒரே நாளில் மீன் வியாபாரம் தொடங்கியவர்கள் என்பது உனக்குத் தெரியுமா? விருதுநகர்ப் பொருட்காட்சியில் அவன் தங்கமீனுக்கு முதல் கோப்பை கொடுத்தார்கள். என் மீன் அன்று தூக்கக் கலக்கத்தில் இருந்தது, வேறொன்றுமில்லை. அந்தக் கோப்பையை இன்றுவரை கல்லா மேல் வைத்திருக்கிறான். அதில் தினமும் பூ வேறு. நான் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலே கண்ணை மூடிக்கொள்வேன். ஒரு தடவை அப்படி மூடிக்கொண்டு கிருஷ்ணன்கோவில் வரை போய்விட்டேன்.

சரி, கேள். இன்று என் தண்ணீர்த் தொட்டியைச் சாட்சியாக வைத்துச் சபதம் எடுத்தேன். அந்த ஆய்வுக்கூடத்துக்கு என் மீன் திரும்பிப் போகும்வரை இந்த வீரணன் வில்லிபுத்தூர் மண்ணை மிதிக்கமாட்டான். ஆண்டாள் தேரே எதிரில் வந்து கூப்பிட்டாலும் எல்லையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவான்.

ஆனாலும் மாமன் மனசு. புதிதாக ஒரு ராஜவம்சத்தைத் தயார் செய்கிறேன். குஞ்சுகளைப் பொரிக்க வைத்துப் பாண்டிச்செல்வம் கையில் கொடுத்தனுப்புவேன். கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பார். பார்த்துவிட்டு உண்மையை எழுது.

இப்படிக்கு,
எல்லைக்கு வெளியே நிற்கும்
வீரணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
24 செப்டம்பர் 2025

மாமா,

முதலில் நல்ல செய்தி. அனுசியாவுக்குப் போன வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கிறாள். "மாமங்காரன் வருவான், தொட்டில் கொண்டாருவான், வேற யாரும் தொட்டில் வாங்கப்பிடாது" என்று சொல்லி, பிள்ளையைப் பழைய சேலைத் தூளியில் போட்டிருக்கிறாள். உங்கள் சபதம் பிள்ளைக்குத் தெரியாது.

அடுத்தது உங்கள் ராஜவம்சம். சோதித்தாயிற்று. மன்னித்துக்கொள்ளுங்கள். அதே சுணக்கம்தான். காயம் பட்டு வெகு நேரம் ஆகியும் காவல்காரர்கள் வந்து சேரவில்லை.

உங்கள் பண்ணையிலும் குஞ்சுகள் வெள்ளைப் புள்ளி விழுந்து கூட்டம் கூட்டமாகச் சாகிறதாமே. பாண்டிச்செல்வம் அண்ணன் சொன்னார். நீங்கள் சாகிபின் கண்ணேறு என்று சொல்லித் திரிகிறீர்களாம். வால் நுனிக் காயத்துக்கே ஓடி வராத காவல்காரர்கள் நோய்க்கு மட்டும் எப்படி வருவார்கள்? கோபப்படாமல் யோசியுங்கள்.

பிரியா


ராஜபாளையம்
27 செப்டம்பர் 2025

ஆராய்ச்சித் திலகமே,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

நீ சுணக்கம் என்று எழுதினாயே, காவல்காரன் வரவில்லை என்று கழுவி ஊற்றினாயே, அந்த ராஜவம்சம் என் வம்சமே இல்லை! அத்தனையும் மதார் சாகிபின் மீன்!

எப்படி என்கிறாயா? என் பக்கத்து வீட்டு முத்துராமலிங்கத்தை, எனக்கு என்று மூச்சுவிடாதே என்று சொல்லி, சாகிப் கடைக்கு அனுப்பினேன். நீங்கள் எந்தத் தொட்டியிலிருந்து முட்டை எடுக்கிறீர்களோ அதே தொட்டியிலிருந்து நாலு ஜோடி வாங்கி வரச்செய்தேன். ஒரு மாதத்துக்குமேல் என் வீட்டில் மாப்பிள்ளை விருந்து. காலையும் மாலையும் புழு. என் தண்ணீர், என் கவனிப்பு. முட்டையை என் கையாலேயே எடுத்து என் இடத்திலேயே பொரிக்க வைத்து, என் வம்சம் என்று பொய் சொல்லி உனக்கு அனுப்பினேன்.

பார்த்தாயா? பையில் வீரணன் பேர் இருந்தால் மீன் மோசம். சாகிப் பேர் இருந்தால் அதே மீன் தங்கம். இதற்குப் பேர் ஆராய்ச்சி இல்லை, ஓரவஞ்சனை. இந்தக் கடிதத்தை உன் மேடம் முன்னால் உரக்கப் படி. அந்த நௌஷீன் முன்னால் அதைவிட உரக்கப் படி.

எனக்கு ஒரு பேத்தி பிறந்திருக்கிறாள். நான் போய்ப் பார்க்க முடியவில்லை. சபதம் என் தொண்டையில் கெண்டைமுள்ளாக நிற்கிறது. தேக்கில் தொட்டில் செய்யச் சொல்லியிருக்கிறேன். யானையைப் போட்டு ஆட்டினாலும் தாங்கும். நீ ஒரு வரி எழுது, "மாமா, உங்கள் மீனில் குறையில்லை" என்று. அன்றைக்கே வந்துவிடுவேன்.

வெற்றி வீரன்,
வீரணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 செப்டம்பர் 2025

மாமா,

ஓரவஞ்சனைக்கு வழியே இல்லை. எண்ணியது நான் இல்லை, நௌஷீன். எந்தக் கிண்ணம் யாருடையது என்று அவளுக்குச் சொல்லவே மாட்டோம். சொந்த அத்தாவின் மீன் என்று தெரியாமலே அவள் "சுணக்கம்" என்று எழுதினாள்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை. சாகிபின் தொட்டியில் நன்றாக இருந்த மீன் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருந்ததும் அதன் குஞ்சு கெட்டுப்போகிறது. அப்படியானால் குறை வம்சத்தில் இல்லை. என் கையிலும் இல்லை. உங்கள் வீட்டில் ஏதோ இருக்கிறது. வேண்டும் என்றே செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமான சோதனை அமைந்திருக்காது.

அதனால் கேட்கிறேன். எந்தத் தண்ணீர்? எதில் பிடித்து வைக்கிறீர்கள்? முட்டை எதில் பொரிகிறது? சின்ன வயதில் நான் அங்கே வந்தால்கூடப் பின்பக்கத்துக் கொட்டகைக்குள் விடமாட்டீர்களே, அதற்குள் என்ன இருக்கிறது?

யானை, சக்கரவர்த்தி, மலை எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கடிதம் அலங்காரம் இல்லாமல் எழுதுங்கள். நவம்பர் நெருங்குகிறது.

பிரியா


ராஜபாளையம்
2 அக்டோபர் 2025

பிரியா,

அலங்காரம் இல்லாமல் எழுதச் சொல்கிறாய். வேட்டி இல்லாமல் வெளியே வரச் சொல்வது போல இருக்கிறது. முயற்சி செய்கிறேன்.

இது என் தொழில் ரகசியம். உன்னைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது. முக்கியமாக நௌஷீன் என்ற பேருள்ள எவருக்கும்.

கொட்டகைக்குள் இருப்பவை டிரம்கள். உன் வீட்டுக்கு ஒன்று கொடுத்தேனே, அதே நீல டிரம். முழு டிரம்மில் தண்ணீர் பிடித்து ஊறவைப்பேன். சிலதைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன், முட்டை பொரிவது அதில்தான். ஊருக்கு வெளியே ஒரு துணிப் பட்டறை இருந்தது, இப்போது மூடிவிட்டார்கள். மழைக்கோட்டுக்கும் கூடாரத்துக்கும் துணி செய்கிற இடம். அங்கே துணியை ஒரு பால் மாதிரி மருந்தில் முக்கி எடுப்பார்கள். அப்புறம் அந்தத் துணியில் தண்ணீரை ஊற்றினால் சேம்பு இலையில் ஊற்றியது போல உருண்டு ஓடும். அந்த மருந்து வந்த டிரம்கள்தான் இவை. பட்டறையை மூடும்போது அள்ளிக்கொண்டு வந்தேன்.

மருந்துக்கே அந்தக் குணம் என்றால் டிரம்முக்கு இருக்காதா? பாசி ஒட்டவில்லை, பூஞ்சை ஒட்டவில்லை, முட்டை முத்துப் போலக் கிடந்தது. சீயக்காயும் சாம்பலும் போட்டுப் பலதடவை கழுவித்தான் பயன்படுத்தினேன். நீல நிறம் போய்விடுமோ என்று பயப்படும் அளவுக்குக் கழுவினேன். ஒட்டியிருந்த காகிதத்தில் மண்டை ஓடு மாதிரி ஏதோ படம், இங்கிலீஷில் பொடி எழுத்து. எல்லாவற்றையும் கத்தியால் சுரண்டி எறிந்தேன். ஏன் தெரியுமா? எங்கிருந்து வந்தது என்று மதார் சாகிப் மோப்பம் பிடித்துவிடக்கூடாது. அவனும் போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டால் அப்புறம் நான் எதில் பெரியவன்?

இவ்வளவுதான். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். அலங்காரம் இல்லாமல் பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை.

வீரணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
4 அக்டோபர் 2025

மாமா,

அதுதான்.

தண்ணீர் ஒட்டாத துணிக்குப் போடுகிற மருந்து என்று ஆகஸ்டிலேயே எழுதினேன். நீங்கள் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். எந்த வகை ரசாயனத்தை நான் இங்கே கையுறை போட்டு, துளித் துளியாக அளந்து கிண்ணத்தில் விடுகிறேனோ, அதன் கூட்டாளியைத்தான் நீங்கள் டிரம் டிரம்மாக வைத்திருக்கிறீர்கள் போல. சீயக்காய்க்கெல்லாம் அது போகாது. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். முடிவு வர நாளாகும். அதுவரை காத்திருக்க என்னால் முடியாது.

ஏனென்றால் ஒரு டிரம் எங்கள் கொல்லையில் இருக்கிறது. எங்கள் தெருவில் தினமும் தண்ணீர் வருவதில்லை. ஆடியிலிருந்து குடிதண்ணீர் பிடித்து வைப்பது அதில்தான். அக்கா குடித்தது, குடிப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அதிலிருந்துதான்.

மீனுக்கு நடப்பது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. தெரியாது. தெரியாது என்பதுதான் என்னை உட்காரவிடவில்லை.

டிரம்மைக் கவிழ்க்கப் போனேன். அம்மா குறுக்கே நின்றுவிட்டாள். "ஏட்டி, எந்தம்பி குடுத்த சீரு. ஒரு பாசி பிடிச்சிருக்கா, ஒரு புழு விழுந்திருக்கா? மீனுக்குப் பாக்குத வைத்தியத்த எங்கிட்டக் காட்டாத" என்கிறாள். நான் சொல்வது எடுபடாது. உங்கள் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டுக் கூப்பிட்டேன். இப்போது நீங்கள் என்னை பிளாக் செய்திருக்கிறீர்கள்.

பாண்டிச்செல்வம் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சபதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரியா


ஸ்ரீவில்லிபுத்தூர்
13 அக்டோபர் 2025

மாமா,

நீங்கள் வந்து போனதிலிருந்து யார் போனிலிருந்து கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அதனால் மறுபடியும் கடிதம்.

நீங்கள் வந்தீர்கள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா, "வந்துட்டியாலே" என்று ஈரக்கையோடு ஓடி வந்தாள். நீங்கள் அவளைத் தாண்டி, தூளியையும் தாண்டி நேரே கொல்லைக்குப் போனீர்கள். தண்ணீரைக் கொட்டினீர்கள், டிரம்மைத் தூக்கினீர்கள், ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நீங்கள் பேசாமல் இருந்தீர்கள், அது அந்த நாளாகவா இருக்க வேண்டும்?

அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. "குடுத்த சீரத் திருப்பி எடுத்துட்டுப் போன தாய்மாமன எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியாட்டி? அதுவும் பச்சப்பிள்ள மொகத்தப் பாக்காம? எல்லாம் அந்த மீனால. சாகிப் மீன வாங்குனதுக்கு எங்கிட்டப் பழி தீத்துட்டான்" என்று அழுகிறாள். நான் காரணம் சொன்னால், மாமனுக்குப் பரிந்து கதை கட்டுகிறேன் என்கிறாள். கடிதத்தைக் காட்டினால், அவன் எழுதியதில் எதுதான் நிஜம் என்கிறாள்.

நல்லது ஒன்று. உங்கள் பழைய ஜோடிகள் காலையில் இட்ட முட்டையைப் பாண்டிச்செல்வம் அண்ணன் மூலம் உடனே இங்கே கொண்டுவரச் செய்து, ஆய்வுக்கூடத் தண்ணீரிலேயே பொரிக்க வைத்தேன். காவல்காரர்கள் வந்தார்கள் மாமா. சாகிப் மீன் அளவுக்கு இல்லை. தாய்மீன் உடம்பில் ஏறியது முட்டைக்கும் வந்திருக்கலாம். ஆனாலும் வந்தார்கள். மேடம் பார்த்துவிட்டு என் கை சரிதான் என்றார், இந்தத் தடவையும் எல்லோர் முன்னாலும். டிரம் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். தலைப்பு என்னிடமே இருக்கிறது.

ஆனால் நௌஷீன், "அந்த மீனு எங்க அத்தாவோடதுல்லா? நானும் சேந்து எழுதுவேன்" என்று பங்குக்கு நிற்கிறாள். கேட்பது நியாயம்தான். அதனால் கூடுதலாக எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அத்தாவைக் கூட்டிக்கொண்டு பிள்ளை பார்க்க வேறு வந்தாள்.

சாகிப் ஒன்று கேட்டார். "வீரணன் டிரம்ம ஆட்டோவுல கட்டிப்பிடிச்சிக்கிட்டுப் போனானாமே, அம்புட்டு விசேசமா அது?" அவர் கண்ணில் இருந்த ஆசை எனக்குப் பிடிக்கவில்லை. மேடம் சொல்லும்வரை விஷயத்தை வெளியே பேசவேண்டாம் என்பதால் நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது.

அந்த டிரம்களை எவருக்கும் விற்றுவிடாதீர்கள். அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள். பிள்ளையும்.

பிரியா


ராஜபாளையம்
17 அக்டோபர் 2025

மருமகளே,

நான் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். வாயைத் திறந்தால் அக்காவிடம் என்ன சொல்வது? "நீ குடித்ததும் உன் மகள் குடித்ததும் நான் கொண்டுவந்த வினை" என்றா? பிள்ளையை ஏன் பார்க்கவில்லை என்றால், பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அப்புறம் டிரம்மை யார் தூக்குவது?

விற்காதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. கடப்பாரையைக் காய்ச்சி, என் சாம்ராஜ்யத்தின் ஒவ்வொரு தூணிலும் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டேன். இனி எந்த மகராசியும் அதில் ஒரு செம்புத் தண்ணீர்கூடப் பிடிக்க முடியாது. எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது என்று உன் மேடம் சொன்னாராமே. கொட்டகையில் அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறேன். நான் செத்தாலும் அந்த மருந்து சாகாது என்கிறாய். மார்க்கண்டேயனுக்குப் பிறகு அந்த வரம் ஒரு டிரம் மருந்துக்கா கிடைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. மதார் சாகிப் கடைக்குப் போனேன். கண்ணைத் திறந்துகொண்டே போனேன். கோப்பை கல்லா மேல்தான் இருந்தது. அன்றைக்கு மல்லிகை.

"நாலு ஜோடி ஜீப்ரா வேணும்" என்றேன்.

"முத்துராமலிங்கம் வரலையா?" என்றான். முதல் நாளே தெரிந்திருக்கிறது படுபாவிக்கு! தெரிந்தே நல்ல ஜோடியாகப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறான்.

பிறகு மெதுவாகக் கேட்டான். "ஏலே வீரணா, அம்புட்டு டிரம்மையும் ஓட்ட போட்டுட்டியாமே. எனக்கு ஒண்ணு குடுக்கப்பிடாதுன்னுதானலே?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறை, மருந்து, வால் நுனி, காவல்காரர்கள், அனுசியா குடித்த தண்ணீர். ஒரு வார்த்தை கூட்டவில்லை. சத்தியமாக ஒரு யானைகூட அதில் வரவில்லை. கேட்டுவிட்டு அவன் தொட்டித் தண்ணீர் அலையடிக்கும்படி சிரித்தான். "கத கட்டுறதுல உன்ன அடிச்சிக்க ஆளில்லடே. கண்ணுக்குத் தெரியாத விசம், கண்ணாடி மீனுக்குள்ள போலீசு! உம் பொறாம மட்டும் அழியவே அழியாதுலே." அந்தப் பட்டறைக்காரனின் இன்னொரு குடோன் வன்னியம்பட்டிப் பக்கம் இருக்கிறதாம். அங்கே மிச்ச டிரம்கள் கிடக்கின்றனவாம். வண்டி பேசிவிட்டான். தீபாவளி கழித்து எடுக்கப் போகிறானாம்.

பிரியா, இதை எழுதும்போது எனக்கு ஒன்று உறைத்தது. எவன் மேல் எரிந்தேனோ அவனுக்கு டிரம் கொடுக்கவில்லை, அவன் மீன் பிழைத்தது. எவள் மேல் உயிரையே வைத்தேனோ அவளுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். பொறாமையால் ஒருவனைக் காப்பாற்றிய மனிதன் ஈரேழு பதினாலு உலகத்திலும் நான் ஒருவன்தான். இப்போது பொறாமையே இல்லாமல் காப்பாற்றப் பார்க்கிறேன், நடக்கவில்லை.

ஆகவே நீ போ. அந்த நௌஷீனையும் கூட்டிக்கொண்டு போ. அவளுக்குப் பங்கு கொடு. வயிறு எரிந்தால் எரியட்டும், மோர் குடி. மகள் சொன்னால் சாகிப் நம்புவான். அவன் வண்டி கிளம்புவதற்குள் சொல்லிவிடுங்கள். அதே வாயோடு என் அக்காவிடமும் நௌஷீனையே சொல்லச் சொல். அவளுக்கு எனக்காகப் பரிந்து பேச ஒரு காரணமும் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்குத் தொட்டிலோடும், ஒரு பித்தளை அண்டாவோடும் உங்கள் வாசலில் நிற்பேன். அண்டாவில் கடைக்காரன் ஒட்டிய காகிதத்தைச் சுரண்டாமல் அப்படியே கொண்டுவருகிறேன். "ஏலே வீரணா, உள்ள வா" என்று அக்கா வாயால் கேட்கும்வரை உள்ளே கால் வைக்கமாட்டேன். இது சபதம் இல்லை. பயம்.

ஒன்று மட்டும் எனக்கு முன்கூட்டியே எழுது. சாகிப் பிள்ளை பார்க்க வந்தானே, எனக்கு முன்னால் அந்த முகத்தைப் பார்த்தானே, அவன் கையில் எடுத்தபோது பிள்ளை சிரித்ததா, அழுததா?

அழுதது என்று எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

மாமன்
வீரணன்